கஜாவும் தென்னந்தோப்பும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்து வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் போதும், எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். வெளியூர் நண்பர்கள், வேறு மாவட்டத்து விவசாயிகள், கஜா புயல் வந்தபோது குழந்தையாக இருந்த சொந்தக்காரப் பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கம், வீட்டுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கஜா எப்ப வந்துச்சு, எங்க கரையைக் கடந்துச்சு?

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன். நள்ளிரவு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் காற்று. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை நான்கு மாவட்டமும் நொறுங்கின. ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. விழுந்த தென்னையைச் சரியாக எண்ணியவர் யாரும் இல்லை, லட்சக்கணக்கில் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

கஜான்னா யானைதானே, யார் இந்தப் பேரை வச்சது?

யானைதான். இலங்கை கொடுத்த பெயர். வட இந்தியப் பெருங்கடலில் வரும் புயல்களுக்கு இந்தப் பகுதி நாடுகள் முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுத்து வைக்கும், வரிசைப்படி எடுத்துக்கொள்வார்கள். 2020-இல் வந்த புதுப் பட்டியலில் இந்தியா கொடுத்த பெயர்களில் முரசு, நீர் என்று இரண்டு தமிழ்ச் சொற்களும் இருக்கின்றன.

கடலோரம் அடி வாங்குறது புரியுது. ஒரத்தநாடு, மன்னார்குடி, ஆலங்குடி எல்லாம் உள்ளடங்கின ஊராச்சே, அங்க எப்படி?

புயலுக்குத் தீனி கடல்தான். சூடான கடல் நீரிலிருந்து எழும் ஈரத்தில்தான் அது வளர்கிறது, தரைக்கு வந்ததும் தீனி நின்றுபோய் இளைக்கும். ஆனால் ஒரே நிமிடத்தில் இளைத்துவிடாது. டெல்டாவில் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வயலும் தோப்பும்தான். அதனால் கஜா வேகத்தை ரொம்பக் குறைத்துக்கொள்ளாமல் உள்ளே போனது, திண்டுக்கல் பக்கம் போய், கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்து, கேரளத்தைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கியது. கரையைக் கடந்துவிட்டது என்று டிவியில் சொன்னால் ஆபத்து முடிந்தது என்று உள்ளூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறோம், உள்ளே இருப்பவர்களுக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

நடுவுல காத்து நின்னு போச்சுன்னு சொல்றாங்களே, அப்புறம் எப்படித் திரும்ப அடிச்சுச்சு?

புயலின் நடுப்பகுதிக்குக் கண் என்று பெயர். அது தலைக்கு மேலே கடக்கும்போது காற்று அடங்கிவிடும். நம் பக்கத்துப் புயல்கள் எல்லாம் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழல்பவை, அதனால் கண் தாண்டிய பிறகு வரும் காற்று முதலில் அடித்ததற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வரும். முதல் காற்றில் ஆட்டம் கண்டு, வேர் பாதி அறுந்து எப்படியோ நின்றிருந்த மரத்தை மறுபக்கம் திரும்பிய காற்று சாய்த்துவிடும். ஓட்டு வீட்டுக்கும் அதே கதைதான்.

என் அப்பத்தா 1952 புயலைப் பார்த்தவர். கஜா வந்த ராத்திரி காற்று அடங்கியதும் அப்பா மாட்டைப் பார்க்கக் கிளம்பினார். அப்பத்தா கதவை மறித்துக்கொண்டு, "திரும்பும், திரும்பும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் திரும்பியது.

முன்னாடியே எச்சரிக்கை வரலையா?

வந்தது. 80,000 பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள், கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்குச் சொன்னார்கள், அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். இதை மறுத்துப் பேசுவது நியாயமில்லை.

குறை வேறு இடத்தில். கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் எங்கோ கடக்கும் என்றுதான் நாங்கள் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தோம். அது ரொம்ப நீளமான கரை, அதில் நம் ஊர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எச்சரிக்கையும் கடலோர மக்களைப் பார்த்தே பேசியது, தோப்பு வைத்திருப்பவன் என்ன செய்யணும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அப்புறம் மறுநாள் காலையில் மின்சாரமும் இல்லை, செல்ஃபோன் கோபுரமும் இல்லை. எங்களிடமிருந்து ஒரு சத்தமும் வராததால் வெளியூரில் பாதிப்பு குறைவு என்றே நினைத்துவிட்டார்கள். புயலுக்கு மறுநாள் எந்த ஊரிலிருந்து செய்தியே வரவில்லையோ, அந்த ஊரை முதலில் போய்ப் பாருங்கள்.

தென்னை வளைஞ்சு குடுக்கும், விழாதுன்னு சொல்வாங்களே?

சாதாரணக் காற்றுக்கு அது உண்மைதான். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர் மட்டுமே, அதிலும் பெரும்பாலானவை மேல் நாலைந்து அடி மண்ணுக்குள்தான் இருக்கும். அடியில் பிடிமானம் குறைவு, உச்சியிலோ மட்டையும் குலையுமாக எல்லாப் பாரமும் சேர்ந்திருக்கிறது. மண் ஈரமாக இருந்து, மணிக்கணக்கில் ஆட்டம் கொடுத்து, அப்புறம் மேலே சொன்ன மாதிரி திசை மாறி அடித்தால் என்ன செய்யும்? எங்கள் தோப்பில் வேரோடு சாய்ந்தவை ஒரு பங்கு, நடுவில் முறிந்தவை ஒரு பங்கு, தலை மட்டும் திருகிப் பறந்தவை ஒரு பங்கு. குலை நிறையக் காய் பிடித்திருந்த நல்ல மரங்கள்தான் அதிகம் போயின.

தஞ்சாவூர்னா நெல்லுதானே, இவ்வளவு தென்னை எப்படி வந்துச்சு?

எங்கள் பக்கம் பழைய டெல்டா இல்லை. மேட்டூர் அணை 1934-இல் வந்தபோது கூடவே வெட்டிய கல்லணைக் கால்வாய், நாங்கள் புது ஆறு என்று சொல்வது, அதன் பாசனம். பேராவூரணி அதில் கடைமடை. காவிரியில் தண்ணீர் குறையக் குறைய முதலில் காய்ந்தது நாங்கள்தான். நெல் போட்டு நஷ்டப்பட்டு, போர்வெல் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தென்னைக்கு மாறினோம். தண்ணீர்ப் பிரச்சினையிலிருந்து தப்பிக்க வைத்த மரம் அது, அதையும் காற்று கொண்டுபோனதுதான் வயிறு எரிந்ததற்குக் காரணம்.

மரத்துக்கு 1,100 ரூபா குடுத்தாங்களே, அது பத்தாதா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், சிலர் கொஞ்சம் சலிப்போடுகூட. முதலில் அரசு நிவாரணமாகக் கொடுத்த அந்த 1,100 என்ன என்று பார்ப்போம். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்து 1,92,500 ரூபாய், அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 78,000. அந்தப் பணம் எங்களுக்கு உதவியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டும் ஆளும், மரம் அறுக்கிற மெஷினும், ஜேசிபியும் கிடைக்காத நேரத்தில் அந்த 500 வெட்டுக்கூலிக்கே சரியாகப் போனது. விழுந்த மரத்தைச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டோம், அடிமாட்டு விலைக்கு.

இப்போது மீதி 600. நன்றாகப் பார்த்துக்கொண்ட நெட்டை ரக மரம் வருடத்துக்கு 80 முதல் 100 காய் தரும். காய்க்குப் பத்தே ரூபாய் என்று வையுங்கள், வருடம் 800-இலிருந்து 1,000 ரூபாய். ஆக, கிடைத்தது ஒரு வருடக் காய்ப்புக்குக்கூட வரவில்லை. புதிதாக வைக்கும் நெட்டைத் தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு வருடம். விழுந்த மரத்துக்கோ இன்னும் முப்பது, நாற்பது வருட ஆயுசு பாக்கி இருந்தது.

நெல் போனால் ஒரு போகம் போகும், அடுத்த போகத்தில் எழுந்துவிடலாம். தென்னை போனால் ஒரு மனிதனின் சம்பாதிக்கிற வயதில் பாதி போகிறது. அப்பாவுக்கு அப்போது வயது 58. மறுபடி தோப்பு முழுசாகக் காய்க்கும்போது தனக்கு எழுபது ஆகியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டு அப்படியே பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசுகிற எல்லோரும் மரத்தின் விலையைத்தான் பேசுகிறார்கள், போன வருடங்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

விழுந்ததைத் தூக்கி நட்டா பொழைக்காதா?

சின்னப் பிள்ளை பிழைக்கும். மூன்று நான்கு வயதுக்குள் இருந்து, ஒரு பக்க வேராவது மண்ணில் இருந்தால், சில நாட்களுக்குள் நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். நாங்கள் பதினொன்றை நிமிர்த்தினோம், எட்டு நிற்கிறது. வளர்ந்த மரத்தைச் சிலர் ஜேசிபி வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள், சில மரங்கள் பிழைத்தும் இருக்கின்றன, ஆனால் செலவுக்கு அது கட்டாது. தலை போன மரத்தை மட்டும் எதுவும் செய்ய முடியாது. தென்னைக்கு வளரும் இடம் உச்சிக் குருத்து ஒன்றே ஒன்றுதான், மாமரம் மாதிரி பக்கத்தில் துளிர்க்காது.

விழாம நின்ன மரத்துக்கும் ஏன் காய் இல்ல? சிலது ஆறு மாசம் கழிச்சுச் செத்துச்சே?

செத்தவற்றில் பல, குருத்து திருகிப் போய் உள்ளே தண்ணீர் இறங்கி அழுகியவை. சிலவற்றை சிவப்புக் கூன்வண்டு முடித்தது, மரத்தில் காயம்பட்ட வாசனைக்குத் தேடி வரும் வண்டு அது. வேர் பாதி அறுந்தவை அந்தக் கோடையைத் தாங்கவில்லை.

காய் விஷயம் வேறு. இன்று நாம் பறிக்கும் தேங்காயின் பாளை மரத்துக்குள் உருவாகத் தொடங்கி ஏறக்குறைய 44 மாதம் ஆகியிருக்கும். அதாவது மூன்றரை வருடத்துக்கும் மேல். அதற்குள் எந்தக் கட்டத்தில் மரம் அடி வாங்கினாலும் பாளை சுருங்கும், குரும்பை கொட்டும். 2018-இல் வாங்கிய அடி 2020, 2021 வெட்டுகளில்கூடத் தெரிந்தது. மரம் நிற்கிறதே, உனக்கென்ன நஷ்டம் என்று கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது இதை விளக்கிச் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை.

விழுந்த மரத்தை அப்படியே விட்டா மக்கி உரமாயிடாதா?

ஆகும், ஆனால் அதற்குள் காண்டாமிருக வண்டை வளர்த்துக் கொடுத்துவிடும். மக்கும் தென்னை மரத்திலும் எருக்குழியிலும்தான் அது முட்டை வைக்கிறது. வளர்ந்த வண்டு நேராகப் பக்கத்தில் இருக்கும் குருத்தைத் துளைக்கும், விரியும்போது ஓலை விசிறியைக் கத்தரித்த மாதிரி இருந்தால் அதன் வேலைதான். கஜாவுக்குப் பிறகு புதுப் பிள்ளைகளை அதிகம் கெடுத்தது இதுதான் என்பது என் அனுபவம். மரத்தை அப்புறப்படுத்துங்கள், முடியாவிட்டால் துண்டு போட்டு எரித்தாவது விடுங்கள். எருக்குழியில் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை கலந்தால் புழு சாகும். பிள்ளையின் குருத்தோரம் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து போடுவது பழைய வழி, இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது.

இவ்வளவுக்கு அப்புறமும் ஏன் தென்னையே வச்சீங்க?

வேறு என்ன வைக்க? தண்ணீர் நிலைமை மேலே சொன்னதேதான். போர், மோட்டார், சொட்டுநீர் எல்லாம் தென்னைக்காகப் போட்டது, எங்களுக்குத் தெரிந்த வேலையும் வியாபாரிகளும் அதைச் சுற்றித்தான்.

ஆனால் பழைய மாதிரி வைக்கவில்லை. முழுக்க நெட்டையாக இல்லாமல், நான்கைந்து வருடத்தில் காய்க்கும் வீரிய ஒட்டு கொஞ்சம் கலந்து வைத்தோம், காத்திருக்கும் காலத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து அடி இடைவெளி விட்டோம். நடுவில் முதல் வருடங்களில் கடலை, உளுந்து, வாழை. ஒன்று சொல்கிறேன், கன்று வாங்கும்போது அவசரப்படாதீர்கள். புயல் முடிந்த சூட்டில் லாரியில் வந்த மலிவுக் கன்றுகளை நாங்களும் வாங்கினோம், மூன்றில் ஒன்று தேறவில்லை. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேப்பங்குளத்திலேயே தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

காப்பீடு போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாம்ல?

தென்னைக்கென்றே காப்பீட்டுத் திட்டம் இருந்தது. 4 முதல் 15 வயது மரத்துக்கு 9 ரூபாய் பிரீமியம், இழப்பீடு 900. 16 முதல் 60 வயது மரத்துக்கு 14 ரூபாய், இழப்பீடு 1,750. பிரீமியத்திலும் பாதியைத் தென்னை வளர்ச்சி வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்கும், விவசாயி கட்ட வேண்டியது கால் பங்கு. பெரிய மரத்துக்கு மூன்றரை ரூபாய்! எங்கள் ஊரில் அதைப் போட்டிருந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது, அப்படி ஒன்று இருப்பதே புயலுக்குப் பிறகுதான் தெரிந்தது. 1,750-உம் முன்னால் போட்ட கணக்குக்கு ஈடாகாது, ஆனால் நிவாரணத்துக்கு மேலே அது கிடைத்திருந்தால் பல வீடுகளில் நகை அடகுக்குப் போயிருக்காது.

நிலம் இல்லாதவங்களுக்கு என்ன கெடச்சுச்சு?

ரொம்பக் கொஞ்சம். கூரை போனதற்கு ஒரு தொகையும், முகாமில் இருந்தவர்களுக்கு நிவாரணப் பொருளும் வந்தது. ஆனால் மரம் ஏறுபவர், மட்டை உரிப்பவர், கீற்று முடையும் பெண்கள், கயிறு ஆலையில் வேலை பார்த்தவர்கள், இவர்கள் யாருக்கும் சொந்தமாக ஒரு மரம்கூடக் கிடையாது, எனவே மரக் கணக்கில் இவர்கள் வரவில்லை. வேலை மட்டும் ஆறு வருடத்துக்குப் போய்விட்டது. எங்கள் தெருவிலிருந்து நான்கு குடும்பம் திருப்பூருக்குப் போனது, ஒன்றுதான் திரும்பியது. பெண்கள் குழுவில் வாங்கிய கடனுக்கு வீடு தேடி வந்து தவணை கேட்டார்கள், கூரை இல்லாத வீட்டு வாசலில் நின்றுகொண்டு.

குத்தகைக்குப் பார்த்தவர்கள் நிலையும் மோசம். அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராமக் கணக்கில், பெயர் யாருக்கோ பணமும் அவருக்கே. சில இடங்களில் அடங்கலில் இன்னும் நெல் என்றே இருந்தது, இருபது வருடத் தோப்பு காகிதத்தில் இல்லவே இல்லை. தோப்பு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கலைப் பாருங்கள்.

நாங்க லாரி லாரியா அனுப்பினோமே, வந்து சேர்ந்துச்சா?

வந்தது, நன்றி. அந்த அன்பை எங்கள் ஊர் மறக்காது. மூன்று மாதம் முன்பு தாங்களே வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கேரளத்திலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து எங்கள் வயல் சேற்றில் கம்பம் நட்டார்கள்.

அடுத்த முறைக்காகச் சொல்கிறேன், பிரெட்டும் பழைய துணியும் மெயின் ரோட்டோரம் குவிந்தன, உள்கிராமத்துக்குப் பாதையில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது தார்ப்பாய், கொசுவலை, மெழுகுவர்த்தி, நாப்கின், ஜெனரேட்டர், அதற்கு டீசல், மரம் அறுக்கும் மெஷினும் அதை ஓட்டத் தெரிந்த ஆளும். ஒரு மாதம் கழித்து வந்து விசாரித்தவர்கள் செய்த உதவிதான் அதிகம் பயன்பட்டது, அப்போது கேமராக்கள் எல்லாம் போயிருந்தன.

இன்னும் ராத்திரி காத்து அடிச்சா எங்கம்மா எந்திரிச்சு உக்காந்துக்கிறாங்க. இது வியாதியா?

பயந்த உடம்பு பயந்ததை ஞாபகம் வைத்திருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலும் இருந்தது. பக்கத்தில் உட்காருங்கள், அந்த ராத்திரியைப் பற்றி அவர்கள் பேசினால் பேச விடுங்கள், முடிந்ததை ஏன் பேசுறே என்று வாயை அடைக்காதீர்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஆண்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். கஜாவுக்குப் பிறகு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உயிரை விட்ட தென்னை விவசாயிகள் உண்டு. யாராவது இனி இருந்து என்ன என்கிற மாதிரி பேசினால் அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள், தனியாக விடாதீர்கள். 104-க்கோ 14416-க்கோ எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இந்த மாதிரிப் புயல் அம்பது வருஷத்துக்கு ஒரு தடவைதானே வரும்?

எங்கள் கரைக்கே கணக்குப் பாருங்கள். 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16. முதல் இடைவெளி 25 வருடம், அடுத்தது 41. இதில் முறை ஒன்றும் இல்லை, அடுத்தது எப்போது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நடுவில் 2011-இல் ‘தானே’ புயல் கடலூர்ப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோதும், 2016-இல் வர்தா சென்னையில் அடித்தபோதும், புயல் என்றால் அந்தப் பக்கம்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். 77-ஐப் பார்த்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள், அவர்கள் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை. அப்பத்தா கதவை மறித்தாரே, அந்த ஒரு ஞாபகம்தான் எங்கள் வீட்டில் ஒரு உயிரைக் காப்பாற்றியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எந்தப் பக்கத்திலிருந்து காற்று முதலில் வந்தது, தண்ணீர் எதுவரை ஏறியது, யார் வீட்டில் ஒதுங்கினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

இப்ப எங்க பக்கம் புயல்னு சொல்றாங்க. இன்னிக்குப் பொழுதுக்குள்ள என்ன செய்யணும்?

ஆள் கிடைத்தால் முற்றிய காயை இறக்கி, பாரமான மட்டைகளைக் கழித்துவிடுங்கள், தலைப்பாரம் குறையும். மரமேறுபவரைக் காற்று தொடங்கிய பிறகு ஏறச் சொல்லாதீர்கள். தோப்பை நடந்து வீடியோ எடுங்கள், மரத்தை எண்ணிச் சொல்லிக்கொண்டே. பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் பிளாஸ்டிக் பையில். மின்சாரம் வாரக்கணக்கில் வராது என்று நினைத்துத் தொட்டியையும் குடங்களையும் நிரப்புங்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள், ஏடிஎம் ஓடாது.

கூரை வீட்டிலோ ஓட்டு வீட்டிலோ இருப்பவர்கள் பொழுது இருக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கோ மாடி வீட்டுக்கோ போய்விடுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. காற்று நின்றாலும் வெளியே வராதீர்கள், ஏன் என்று மேலே இருக்கிறது. போகும்போது மாட்டையும் ஆட்டையும் கட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அவிழ்த்து விட்டுவிடுங்கள். கஜாவில் எங்கள் தெருவில் அவிழ்த்து விட்ட மாடுகள் எல்லாம் மறுநாள் மதியத்துக்குள் தானாகவே வீடு வந்து சேர்ந்தன.